வான்நீலச் சட்டையில் லாம்பார்டு: செல்சி ரசிகர்களின் இரு மனம்

2014 செப்டம்பர் 21. மான்செஸ்டரின் எத்திஹாட் மைதானத்தில் ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்களே இருந்தன. 71ஆம் நிமிடத்தில் ஆந்த்ரே ஷூர்லே அடித்த கோலால் லண்டன் கால்பந்துக் கிளப்பான செல்சி 1-0 என்று முன்னிலையில் இருந்தது. பாப்லோ சபலேட்டா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டதால் மான்செஸ்டர் சிட்டி பத்துப் பேருடன் போராடிக்கொண்டிருந்தது. 78ஆம் நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த 36 வயது நடுக்கள வீரர், ஜேம்ஸ் மில்னர் கொடுத்த பந்தைக் காலின் உட்புறத்தால் வலைக்குள் திருப்பிவிட்டார். மைதானம் அதிர்ந்தது. அடித்தவர் மட்டும் கையை உயர்த்தவில்லை, ஓடவில்லை. சக ஆட்டக்காரர்கள் வந்து கட்டிக்கொண்டபோது, ஏதோ தவறு செய்துவிட்டவர்போல வெறுமையான முகத்துடன் நின்றார்.

அவர் பெயர் ஃபிராங்க் லாம்பார்டு. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புவரை செல்சியின் ஆட்டக்காரர். அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல்கள் அடித்தவர். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் ஒரு மூலையில் இருந்த செல்சி ரசிகர்களை நோக்கி அவர் கைதட்டியபடி நடந்தார். உறுதியாகியிருந்த வெற்றியைக் கடைசி நேரத்தில் தட்டிப் பறித்த அந்த மனிதரின் பெயரைச் சொல்லி அவர்கள் பாடினார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விளங்காத காட்சி. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று ஏசியிருக்க வேண்டும், அல்லது போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும், பாடியது எதற்காக? மூத்த ஆட்டக்காரர் ஒருவர் எதிரணிக்குப் போகும்போது ரசிகர் மனத்தில் நடப்பதை விசுவாசம், துரோகம் என்ற இரண்டு சொற்களுக்குள் அடைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கலவையான உணர்வில் ஆட்டக்காரர் மீதான கோபம் ஒரு சிறு பங்குதான். பெரும் பங்கு, அவரைப் போகவிட்ட சொந்தக் கிளப் மீதான மனத்தாங்கல். அதை வெளிப்படையாகச் சொல்ல ரசிகருக்கு மனம் வராது. ஆகவே அது வேறு வேறு வடிவங்களில் வெளிப்படுகிறது.

லாம்பார்டு 2001இல் வெஸ்ட் ஹாமிலிருந்து 1.1 கோடி பவுண்டுக்குச் செல்சிக்கு வந்தார். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் 648 ஆட்டங்கள், 211 கோல்கள். முன்கள ஆட்டக்காரர் அல்லாத ஒருவர் இத்தனை கோல்கள் அடிப்பது அரிது. பாபி டாம்பிளிங் நெடுங்காலம் வைத்திருந்த 202 கோல் சாதனையை 2013 மே மாதம் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்து முறியடித்தார். 2012இல் மியூனிக்கில் நடந்த, ஐரோப்பாவின் தலைசிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டத்தில், தடை காரணமாக ஜான் டெர்ரி ஆட முடியாத நிலையில், அணித்தலைவராகக் களமிறங்கியவர் அவர்தான். பெனால்டிகளில் தம் பங்கைத் தவறாமல் வலைக்குள் அடித்தவரும் அவர்தான். செல்சி ரசிகரின் ஆயுளில் அதைவிடப் பெரிய இரவு கிடையாது.

இப்படிப்பட்டவர் எப்படிப் போனார் என்பதுதான் முக்கியம். முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரர்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தம் நீட்டிப்பதில்லை என்பது அக்காலத்தில் செல்சி கடைப்பிடித்த வழக்கம். 2014 கோடையில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, புதியது வரவில்லை. சீசன் முடிந்த பிறகே பிரிவு உறுதியானதால், ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் எழுந்து நின்று முறைப்படி விடைகொடுக்க ரசிகர்களுக்கு வாய்ப்பே அமையவில்லை. இந்தச் சிறு குறை பின்னால் நடந்தவற்றை எல்லாம் புரிந்துகொள்ளத் தேவைப்படும்.

ஜூலை 24ஆம் தேதி, அடுத்த ஆண்டு அமெரிக்க லீகில் களமிறங்கவிருந்த நியூயார்க் சிட்டி எஃப்சி, லாம்பார்டை எடுத்துக்கொண்டதாக அறிவித்தது. செல்சி ரசிகர்களுக்கு அது ஆறுதலாகவே இருந்தது. கடல் கடந்து போகிறார், கண்காணாத தூரம், இனி எதிரே நிற்கப் போவதில்லை. ஓய்வு பெற்றவர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போவதுபோல மனத்துக்கு இதமான முடிவு. பத்து நாளில் அது கலைந்தது. நியூயார்க் கிளப்பின் பெரும்பங்கு உரிமையாளர்கள்தான் மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்களும். அமெரிக்க சீசன் தொடங்கும்வரை லாம்பார்டு மான்செஸ்டரில் ஆடுவார் என்ற செய்தி ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்தது. எட்டாம் எண் நீலச் சட்டை பதினெட்டாம் எண் வான்நீலச் சட்டையாக மாறியது.

சிட்டிக்கு அவர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்குக் கணக்கு வழக்கு சார்ந்த விடை உண்டு. நிதி ஒழுங்கு விதிகளை மீறியதற்காக அந்த ஆண்டு மே மாதம் ஐரோப்பியக் கால்பந்து நிர்வாகம் சிட்டியின் செலவுக்கு வரம்பு விதித்ததோடு, சாம்பியன்ஸ் லீகுக்கான ஆட்டக்காரர் பட்டியலையும் 21 பேராகக் குறைத்திருந்தது. அந்தப் பட்டியலில் உள்நாட்டில் வளர்ந்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. பழைய கிளப்புக்குக் கொடுக்க வேண்டிய மாற்றுத்தொகை எதுவும் இல்லாமல், ஆங்கிலேயராகவும் அனுபவசாலியாகவும் ஒருவர் கிடைத்தால் எந்த நிர்வாகம் வேண்டாம் என்று சொல்லும்? காரணம் தெரிந்தால் காயம் ஆறிவிடும் என்பதில்லை. ஆனாலும் அவர் செல்சியைப் பழிவாங்கப் போனார் என்ற கதைக்கு இடமில்லை என்பதையாவது அது காட்டுகிறது.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு செல்சி பயிற்சியாளர் ஜோஸே மொரின்யோ, நேரடிப் போட்டியாளரிடம் போக அவர் முடிவெடுத்த கணத்திலேயே காதல் கதைகள் முடிந்துவிட்டன என்ற பொருளில் பேசினார். அணியை நடத்துபவர் அப்படித்தான் பேச வேண்டும். அதில் தவறு காண மாட்டேன். ஆனால் ரசிகரின் நிலை வேறு. பயிற்சியாளர் வருவார், போவார்; நிர்வாகமும் மாறும்; ஆட்டக்காரர்கள் விற்கப்படுவார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் அதே இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் ரசிகர் மட்டுமே. அவருக்கு லாம்பார்டின் 211 கோல்கள் புள்ளிவிவரம் அல்ல. அவற்றில் ஒன்று தந்தையோடு பார்த்தது, ஒன்று வேலை போன வாரத்தில் பார்த்தது, ஒன்று மகளை முதன்முதலாக மைதானத்துக்கு அழைத்துப்போன அன்று பார்த்தது. அந்த மனிதரைத் தள்ளிவைப்பது என்றால் தம் வாழ்க்கையில் பதின்மூன்று ஆண்டுகளைத் தள்ளிவைக்க வேண்டும்.

அதனால்தான் ஒரே நெஞ்சில் இரண்டு வேண்டுதல்கள் குடியிருக்கின்றன. அவர் நன்றாக ஆட வேண்டும், இன்னும் தளரவில்லை என்று காட்ட வேண்டும்; ஆனால் நம்மோடு ஆடும்போது மட்டும் வேண்டாம். அவர் அங்கே சோபிக்காமல் போனால், கிளப் அவரை விட்டது சரிதான் என்று ஆகிவிடும், அது வருத்தம் தரும். அவர் சோபித்தால், கிளப் தவறிழைத்தது என்று ஆகிவிடும், அதுவும் வருத்தமே. எந்தப் பக்கம் போனாலும் சுடும் இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை அது.

எதிரணி என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பகையும் ஒரே பகை அல்ல. டாட்டன்ஹாம், ஆர்சனல், வெஸ்ட் ஹாம் ஆகியவற்றுடன் செல்சிக்கு இருப்பது ஒரே நகரத்தின் பங்காளிச் சண்டை. அலுவலகத்திலும் மதுக்கூடத்திலும் திங்கட்கிழமை காலையில் முகம் பார்த்தாக வேண்டியவர்களுடன் இருக்கும் பகை. மான்செஸ்டர் சிட்டியுடனான பகை அப்படியல்ல. 2003இல் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார். 2008இல் அபுதாபியின் பணம் சிட்டிக்கு வந்தது. இரண்டும் பட்டத்துக்காக மோதத் தொடங்கின. இது புள்ளிப்பட்டியலில் பிறந்த பகை. பட்டியல் மாறினால் தணிந்துவிடும். லாம்பார்டு டாட்டன்ஹாமுக்குப் போயிருந்தால் அந்தப் பாட்டைக் கேட்டிருக்க மாட்டோம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

லாம்பார்டே ஒரு காலத்தில் பங்காளிப் பகையின் கசப்பைச் சுவைத்தவர். வெஸ்ட் ஹாமில் அவருடைய மாமா ஹாரி ரெட்நாப் மேலாளர், தந்தை துணைப் பயிற்சியாளர். 2001இல் இருவரும் பதவி இழந்ததும் மகனும் கிளம்பினார். இருந்தும் பல ஆண்டுகள் வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் அவரைக் கண்டாலே கூச்சலிட்டார்கள். செல்சிக்கான அவருடைய 200ஆவது கோல், 2013 மார்ச்சில், அதே வெஸ்ட் ஹாமுக்கு எதிராக வந்தது. அன்று அவர் கொண்டாடாமல் இருக்கவில்லை. செல்சி ரசிகர்கள் அதை ரசித்தார்கள். அடுத்த ஆண்டு தம் வலைக்குள் பந்து விழுந்தபோது அவர் தலைகுனிந்து நின்றதையும் ரசித்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரமே அவருக்கும் அவர்களுக்கும் இருந்த உறவின் அளவு.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே 2014 கோடையில் செல்சி பார்சிலோனாவிலிருந்து செஸ்க் ஃபாப்ரிகாஸை வாங்கியது. அவர் ஆர்சனலின் முன்னாள் அணித்தலைவர். லாம்பார்டு எப்படிப் போகலாம் என்று பொருமிய அதே வாயால், ஃபாப்ரிகாஸ் பந்தைச் சக ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் அழகைச் செல்சி ரசிகர்கள் புகழ்ந்தார்கள். அந்தச் சமயத்தில் லண்டனின் வடக்கில் ஆர்சனல் ரசிகர் கூட்டம் மென்று முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. வருகிறவரைப் பற்றி யோசிக்கும்போது எவருக்கும் இந்த இரு மனம் வருவதில்லை.

ஒப்பந்த விதிகள் இந்த உணர்வுகளின் அடித்தளத்தையே மாற்றியிருக்கின்றன. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்பளிக்கும்வரை, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைக்கூட மாற்றுத்தொகை வாங்காமல் விட வேண்டிய கட்டாயம் கிளப்புக்கு இல்லை. தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தவர் தம் விருப்பப்படி போகலாம். முன்பெல்லாம் மூத்த ஆட்டக்காரர் எதிரணிக்குப் போனால், அவரை விற்றது கிளப்தான் என்பது பளிச்சென்று தெரியும். இப்போது கிளப் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடலாம். ஒப்பந்தம் தானாக முடியும். போகிற முடிவு ஆட்டக்காரருடையதாகக் காட்சி தரும். கதவைத் திறந்து வைத்தது யார் என்பது மறைந்து, வாசல் தாண்டிப் போனவர் மட்டும் கண்ணில் படுகிறார்.

இதன் பழைய வடிவத்தைப் பார்க்க லாம்பார்டின் அந்தக் கோலிலிருந்து நாற்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். அபர்டீனில் பிறந்த டெனிஸ் லா, 1962இல் 1,15,000 பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெடுக்கு வந்து, அங்கே 404 ஆட்டங்களில் 237 கோல்கள் அடித்தவர். 1964இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். ரசிகர்களுக்கு அவர் ‘ராஜா’. 1973இல் மேலாளர் டாமி டோகர்ட்டி அவரை மாற்றுத்தொகை இல்லாமல் விடுவித்தார். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சி வழியாகவே அறிந்ததாக லா பின்னாளில் சொல்லியிருக்கிறார். 33 வயதில் அவர் போனது, யுனைடெடுக்கு வருவதற்கு முன்பே ஒருமுறை ஆடியிருந்த, அதே ஊரின் சிட்டிக்கு.

1974 ஏப்ரல் 27. ஓல்ட் டிராஃபோர்டு மைதானம். முதல் பிரிவிலிருந்து தரமிறங்கும் விளிம்பில் யுனைடெட். ஆட்டம் முடிய பத்து நிமிடங்கள் இருக்கும்போது பந்து லாவின் காலடிக்கு வந்தது. வலைக்கு முதுகைக் காட்டி நின்றவர் குதிகாலால் ஒரு தட்டு தட்டினார். அது உள்ளே போய்விட்டது. ஓடிவந்த சக ஆட்டக்காரர்கள் தோளைத் தட்டினார்கள், தலையைக் கலைத்தார்கள். அவர் ஒருவருக்கும் முகம் கொடுக்கவில்லை. கைகள் இரண்டும் தொங்க, தலை கவிழ்ந்தபடி நடுக்களத்துக்கு நடந்தார். உடனே அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். ரசிகர்கள் களத்துக்குள் புகுந்ததால் ஆட்டம் முழுதாக நடக்கவே இல்லை. 1-0 என்ற முடிவை அப்படியே நிலைக்கவிட்டது லீக் நிர்வாகம். லீக் ஆட்டங்களில் அவர் அடித்த கடைசிப் பந்து அதுதான். அந்தக் கோடையில் உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்துக்காக ஆடிவிட்டு ஓய்வு பெற்றார்.

யுனைடெடைத் தரமிறக்கியவர் லா என்று இன்றும் பலர் சொல்வார்கள். அது உண்மையல்ல. அதே நாளில் பர்மிங்காம் தன் ஆட்டத்தை வென்றதால், லா அடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் யுனைடெட் இறங்கியே இருக்கும். ஆனால் ஒரு முழு சீசனின் தோல்விகளை நினைவில் வைத்திருப்பதைவிட ஒரு குதிகாலை நினைவில் வைத்திருப்பது எளிது. மேலாளர்களின் தடுமாற்றம், முதுமையடைந்த அணியைப் புதுப்பிக்கத் தவறியது, ராஜாவை வாசலோடு அனுப்பியது எல்லாம் அந்த ஒரு தட்டுக்குள் சுருங்கிவிட்டன. இத்தனைக்கும் யுனைடெட் ரசிகர்கள் அவரை வெறுக்கவில்லை என்பதுதான் வியப்பு. ஜார்ஜ் பெஸ்ட், பாபி சார்ல்டன் ஆகியோருடன் அவர் நிற்கும் சிலை 2008 முதல் அதே மைதானத்தின் வாசலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அவர் மறைந்தபோது நகரின் இரு தரப்பும் அழுதது. அவர் கொண்டாடியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அன்று தலை கவிழ்ந்து நடந்த அந்தச் சில அடிகள் அவர் அடித்த 237 கோல்களையும் காப்பாற்றின.

கொண்டாடாமல் இருப்பது இன்று ஒரு சடங்காகிவிட்டது. ஆறு மாதம் ஆடிய கிளப்புக்கு எதிராக அடித்தாலும் கைகளை உயர்த்தி மன்னிப்புக் கேட்கிறார்கள். அதனால் அந்தச் சைகையின் மதிப்புக் குறைந்திருப்பது உண்மையே. ஆனாலும் ரசிகர்களுக்குப் போலியையும் மெய்யையும் பிரித்தறியத் தெரியும்.

யார் கதவைச் சாத்தியது என்பதே தீர்ப்பை நிர்ணயிக்கிறது என்பதற்கு வட லண்டன் நல்ல எடுத்துக்காட்டு. டாட்டன்ஹாம் 1977இல் தன் வாசல்காப்பாளர் பேட் ஜென்னிங்ஸின் காலம் முடியப்போகிறது என்று கருதி 45,000 பவுண்டுக்கு ஆர்சனலிடம் விட்டது. 32 வயதில் போனவர் எட்டு ஆண்டுகள் அங்கே ஆடி, 1979இல் எஃப்ஏ கோப்பையும் வென்று, இறுதியில் மறுபடி டாட்டன்ஹாமுக்கே வந்தார். இரண்டு பக்கத்திலும் அவரை இன்றளவும் மதிக்கிறார்கள். அதே பாதையில் 2001இல் சோல் கேம்பெல் போனார். அப்போது அவர் 26 வயது அணித்தலைவர், கிளப் அவரை வைத்துக்கொள்ளவே விரும்பியது, ஒப்பந்தம் முடிந்ததால் ஒரு காசும் கிடைக்கவில்லை. அவர் மீதான வெறுப்பு இன்னும் அடங்கவில்லை. பகை ஒன்றே, பாதையும் ஒன்றே. ஒருவர் அனுப்பப்பட்டார், மற்றவர் தாமாகப் போனார்.

செல்சியிலேயே லாம்பார்டுக்கு மறுவருடம் வாசல்காப்பாளர் பெட்ர் செக் இதைக் கண்ணியமாகச் செய்துகாட்டினார். திபோ கூர்ட்வா வந்து வாசலைப் பிடித்துக்கொண்டபின், பதினோரு ஆண்டுகள் காத்த செக், 2015 ஜூனில் ஆர்சனலுக்குப் போனார். லண்டனை விட்டுப் போக விரும்பாத அவருடைய எண்ணத்தை, எதிரணிதான் என்று தெரிந்தும், அப்ரமோவிச் மதித்தார். செக்கின் கடைசி ஆட்டமும் செல்சிக்கு எதிராகவே அமைந்தது: 2019 மே மாதம் பாகுவில் நடந்த யூரோபா லீக் இறுதி ஆட்டத்தில் ஆர்சனல் 4-1 என்று தோற்றது, நான்கு பந்துகளும் அவரைத் தாண்டியே போயின. அடுத்த மாதமே ஆலோசகராகச் செல்சிக்குத் திரும்பினார். பங்காளிப் பகையிலும் இப்படி ஒரு வழி உண்டு என்று அது காட்டியது.

லாம்பார்டு விவகாரத்தில் உண்மையாகவே ஏமாற்றப்பட்டவர்கள் செல்சி ரசிகர்கள் அல்லர், நியூயார்க் ரசிகர்கள் என்பது என் கருத்து. ஓர் ஆட்டம்கூட ஆடாத கிளப்புக்காக அவர்கள் சீசன் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். அதற்கான விளம்பரங்களில் லாம்பார்டின் முகம் முன்னிறுத்தப்பட்டிருந்தது. 2014 டிசம்பர் 31ஆம் தேதி, அவர் சீசன் முடியும்வரை மான்செஸ்டரிலேயே இருப்பார் என்று அறிவிக்கப்பட்டது. அதையடுத்து எழுந்த கேள்விகளில், அவர் நியூயார்க்கிலிருந்து லோன் முறையில், அதாவது தற்காலிக இரவலாக, வந்தவரே அல்லர், நேரடியாகச் சிட்டியின் ஆட்டக்காரராகவே பதிவாகியிருந்தார், நியூயார்க்குடன் இருந்தது பின்னர் சேருவதற்கான உறுதிமொழி மட்டுமே என்பது வெளிவந்தது. நியூயார்க் கிளப்பின் முதல் ஆட்டங்கள் 2015 மார்ச்சில் அவர் இல்லாமலே நடந்தன. ஆகஸ்டில்தான் அவர் முதன்முதலாகக் களமிறங்கினார். தவறு நிர்வாகத்தினுடையது, ஆனால் நிர்வாகத்துக்குச் சட்டை எண் கிடையாது, பெஞ்சிலிருந்து எழுந்து வரும்போது கூச்சலிடுவதற்கு. 2016இல் சொந்த மைதானத்திலேயே அவருக்கு எதிராகக் குரல்கள் எழுந்தன. அதே ஆண்டு ஜூலையில் கொலராடோவுக்கு எதிராக அந்தக் கிளப்பின் வரலாற்றில் முதல் ஹாட்ரிக்கை அவர் அடித்தபோதுதான் கொஞ்சம் தணிந்தது. அவர்களுக்குப் பதின்மூன்று ஆண்டு நினைவுகள் இல்லை. எனவே இரு மனமும் இல்லை, வெறும் கோபம் மட்டும் இருந்தது.

ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜுக்கு லாம்பார்டு திரும்பி வந்தது 2015 ஜனவரி 31ஆம் தேதி. முதலிடத்தில் செல்சி, ஐந்து புள்ளிகள் பின்னால் இரண்டாமிடத்தில் சிட்டி. பட்டம் எங்கே போகும் என்பதை அந்த ஒரு மாலையே தீர்மானித்துவிடக்கூடும் என்ற நிலை. லோயிக் ரெமி செல்சிக்கு ஒரு கோலும் டேவிட் சில்வா சிட்டிக்கு ஒரு கோலும் அடித்து, 1-1 என்று ஆட்டம் நின்றது. 77ஆம் நிமிடத்தில் பக்கக்கோட்டருகே பதினெட்டாம் எண் பலகை உயர்ந்தது. மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. எட்டு மாதங்களுக்கு முன்பு கொடுத்திருக்க வேண்டிய வழியனுப்பு அது. கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்தார்கள், வாங்க வேண்டியவர் வாங்கிக்கொண்டார், சட்டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது. பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். எஞ்சியிருந்த பதின்மூன்று நிமிடங்களும், பெனால்டி பெட்டிக்கு வெளியே அவருக்குப் பழக்கமான அந்த இடத்தை நோக்கிப் பந்து போய்விடக் கூடாதே என்று, கைதட்டிய அதே மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.